நட்சத்திர நோட்டு

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்தேன். மீதிச் சில்லறையில் பத்து ரூபாய் நோட்டு ஒன்று. எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரம்! சத்தமில்லாமல் பர்ஸுக்குள் வைத்தேன்.

அச்சடிக்கும்போது பழுதான நோட்டை எடுத்துவிட்டு, கட்டில் நூறு குறையாமலிருக்கச் சேர்க்கிற மாற்று நோட்டு அது. பத்து, இருபது, ஐம்பதில் 2006-ல் ரிசர்வ் வங்கி ஆரம்பித்த ஏற்பாடு. சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருவார்கள்தான். ஆனால் மடிப்பு விழாததாக, வரிசையும் அரியதாக இருக்க வேண்டும். என்னுடையதோ எண்ணெய்ப் பிசுக்கோடு நாலாய் மடிந்த நோட்டு. ஆசைக்குச் சேர்க்கலாம், லாபத்துக்கென்றால் பத்து ரூபாய்தான்.

ஆனாலும் உறுத்தியது. விவரம் தெரியாத அம்மாவிடமிருந்து சுருட்டிக்கொண்டு போகிறோமோ? திரும்பிப் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“கள்ள நோட்டுன்னு ரெண்டு பேரு வாங்கல சார். அதான் உங்ககிட்ட தள்ளிட்டேன்...”

இந்தப் புரளி 2023 ஜூலையில் பரவி, ‘நட்சத்திர நோட்டும் செல்லும்’ என்று ரிசர்வ் வங்கியே விளக்கம் தந்திருக்கிறது. அவர் பத்துக்கும் கீழே என்று நினைத்தார், நான் பத்துக்கும் மேலே என்று. இருவரும் வாயைத் திறக்கவில்லை. இதில் யார் யாரை ஏமாற்றியது, சொல்லுங்கள்!

இன்னொரு டீ சொல்லி அதே நோட்டை நீட்டினேன்.

“டீக்குக் காசு வேணாம் சார்” என்றார்.