வட்டியும் உடன்பிறப்பும்

ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்கலாகாது என்னும் லேவியராகமக் கட்டளை, ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் திருச்சபைகளின் அரவணைப்பில் இயங்கும் சேமிப்புக் குழுக்களின் முன் கடினமானதொரு கேள்வியை வைக்கிறது. 1991-இல் நைஜரில் கேர் என்னும் தொண்டு நிறுவனம் தொடங்கிய கிராமச் சேமிப்பு முறையைப் பெரிதும் ஒத்த இக்குழுக்களில், சுமார் 15 முதல் 25 பேர் கூடி, பங்கு எனப்படும் சேமிப்பு அலகின் மதிப்பைத் தாமே வரையறுத்து, அத்தொகையை மூன்று பூட்டுகள் கொண்ட பெட்டியில் இட்டு, அதிலிருந்தே கடன் பெற்று வட்டியுடன் திருப்பிச் செலுத்துகின்றனர். சாவிகள் மூவரிடம் பிரிந்திருப்பதால் எவரும் தனியே பெட்டியைத் திறக்க இயலாது.

வட்டி வெளியாருக்குச் செல்லாமல் ஆண்டிறுதியில் உறுப்பினர்க்கே பங்கிடப்படுவதால் கட்டளை மீறப்படவில்லை என்று வாதிடலாம். அவ்விடை முழுமையானதன்று. பங்கீடு சேமிப்பின் அளவுக்கேற்ப அமைவதால், மிகுதியாகச் சேமிக்க இயன்றவர், மிகுதியாகக் கடன்பட்டவரின் உழைப்பிலிருந்தே ஆதாயம் பெறுகிறார். ஆயினும் விதைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் கந்துவட்டிக்காரரை நாடிவந்த பெண்ணுக்கு, அவளுடைய சொல்லையே பிணையாக ஏற்கும் ஓர் அவை கிடைப்பது சிறிய விடுதலையன்று. நோய்க்கும் சாவுக்கும் எனத் தனிப் பையில் ஒதுக்கப்படும் சமூக நிதியோ, வட்டியில்லாக் கடனாகவோ கொடையாகவோ வழங்கப்படுவதால், கட்டளையின் நேரடி நிறைவேற்றத்தை அங்கேதான் காண முடிகிறது. அத்தொகை பெரும்பாலும் சிறிதாகவே இருப்பது வருந்தத்தக்கது.