சராசரி மனிதனின் இருக்கை

அமெரிக்காவில் பழைய ஸ்போர்ட்ஸ் டூரிங் பைக் ஒன்றைத் தேடிப் புறப்படும் ஆறடி நாலங்குலக்காரரிடம் விற்பவர்கள் முதலில் சொல்லும் எண், இருக்கையின் உயரம். யமஹா எஃப்ஜேஆர்1300 என்றால் 805 மில்லிமீட்டர். மாற்றிப் பொருத்தினால் 825. ஹோண்டா எஸ்டி1300-இல் 775, 790, 805 என மூன்று படிகள். பிஎம்டபிள்யூ ஆர்1200ஆர்டியில் 820 அல்லது 840. கவாசாகி கான்கர்ஸ் 14-இல் 815. உயரம் குறைந்தவருக்கு இந்த எண்தான் எல்லாம். முந்நூறு கிலோ வண்டியைச் சிக்னலில் நிறுத்தும்போது கால் தரையில் ஊன்றுமா என்பது அவருடைய கவலை. நெட்டையானவருக்கு அந்தக் கவலையே கிடையாது. அவரை வாட்டுவது வேறோர் இடைவெளி: இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவே உள்ள தூரம். விளம்பரத் தாளில் அது பெரும்பாலும் அச்சாவதே இல்லை.

அந்த இடைவெளி குறைந்தால் முழங்கால் மடங்கியே கிடக்கும். முதலில் தெரியாது. பிறகு முழங்காலின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கி, இடுப்புக்கு ஏறி, கீழ்முதுகில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்போர்ட்ஸ் டூரிங் என்ற வகையே இரண்டு எதிரெதிர் ஆசைகளின் கூட்டு. வளைவில் வண்டியைச் சாய்த்து ஓட்ட வேண்டும் என்றால் ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாலையில் உரசும். நாள் முழுக்க உட்கார வேண்டும் என்றால் அது தாழ்வாக இருக்க வேண்டும். நடுத்தர உயரக்காரர் உடம்பில் இந்த இரண்டும் ஓரளவு சமாதானமாகிவிடும். நீண்ட காலுள்ளவர் உடம்பில் ஆகாது. சரி, இருக்கையை ஓர் அங்குலம் உயர்த்தலாம் என்றால், தலையும் ஓர் அங்குலம் மேலே போகிறது. அதுவரை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அமைதியாக இருந்த ஹெல்மெட், தடுப்பின் விளிம்பில் சுழன்று எழும் காற்றுக்குள் நுழைந்து உலுக்கப்படுகிறது. உயரமான கண்ணாடி போட்டால் சில வண்டிகளில் முதுகுப் பக்கமிருந்து காற்று தள்ளும். சிலருக்குக் குட்டையான கண்ணாடியே நல்லது: நெஞ்சில் காற்று அறைந்தாலும் தலைக்கு வரும் காற்று சுழலாமல் சீராக வரும். ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்தும் பிராக்கெட் போட்டால் கால் தப்பிக்கும். வளைவில் சாயும் அளவு குறையும். ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாம் அசைகிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு? பொருள்கள் யாருக்காகச் செய்யப்படுகின்றன என்ற கேள்வியைக் கேட்டால் காரணம் புலப்படும். பெல்ஜியத்தின் வானியலாளர் அடால்ஃப் கெத்தலே, 1835-இல் வெளியிட்ட நூலில் ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை முன்வைத்தார். ஒரே நட்சத்திரத்தைப் பலர் அளந்தால் அளவுகள் சிதறும். சராசரியே உண்மைக்கு அருகில் இருக்கும், மற்றவை பிழைகள் என்பது வானியல் வழக்கம். அந்த வழக்கத்தை அவர் மனித உடம்பின் மேல் வைத்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் மார்பளவைப் பார்த்துவிட்டு, ஒரே சிலையைப் பலமுறை தவறாக அளந்தால் எப்படி எண்கள் சிதறுமோ அப்படியே இவையும் சிதறுகின்றன என்று கண்டார். ஆக, இயற்கை குறிவைக்கும் வடிவம் ஒன்று உண்டு. நெட்டையும் குட்டையும் அந்தக் குறி தவறியவை. கணக்கு மாதிரித் தோன்றினாலும் இது ஓர் இறையியல். படைப்பின் நோக்கம் சராசரியில் இருக்கிறது என்று அது சொல்கிறது.

அந்த இறையியலை உடைத்தது அமெரிக்க விமானப்படை. 1950-இல் ரைட் பேட்டர்சன் தளத்தில் 4,063 விமானிகளின் உடம்பு அளக்கப்பட்டது. விமானியறைக்கு மிகவும் தேவையான பத்து அளவுகளை கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அளவிலும் நடுவில் வரும் முப்பது சதவீதத்தினரைச் சராசரி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு, பத்திலும் சராசரியாக உள்ளவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. கை நீண்டவருக்குக் கால் குட்டை, நெஞ்சு அகன்றவருக்கு இடுப்பு ஒடுக்கம். சராசரி விமானிக்காகச் செய்த அறை, உண்மையில் யாருக்காகவும் செய்யப்படவில்லை. நகர்த்தக்கூடிய இருக்கைகளையும் மிதிகளையும் கேட்கும் நிலைக்கு விமானப்படை அதன் பிறகே வந்தது. எஸ்டி1300-இன் மூன்று படி இருக்கையிலும் அந்த யோசனைதான் இருக்கிறது. உயரமானவர் பிழை அல்லர். பொருந்தாமை அவர் உடம்பின் குற்றமும் அல்ல.

இங்கே ஓர் ஆன்மிக எதிர்ப்பு எழும். அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. உடம்பின் சுகத்துக்கு இத்தனை தேடலா? வலியைப் பொறுத்துக்கொள்வதுதானே பக்குவம்? துறவு மரபுகள் பலவும் மெத்தை, பாதுகை, சாய்மானம் மூன்றையும் சந்தேகத்தோடு பார்த்தவை. இந்தக் கேள்விக்கு பௌத்த நூல்களில் வரும் சோணன் கதையைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

சோணன் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை. உள்ளங்காலில் ரோமம் முளைக்கும் அளவுக்கு மென்மையாக வளர்ந்தவன். துறவு பூண்டதும் நடைத் தியானத்தில் வெறியோடு இறங்கினான். பாதம் வெடித்து, நடந்த தடமெல்லாம் இரத்தம். பலன் ஒன்றும் இல்லை; வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தான். புத்தர் வந்து, அவன் முன்பு வாசித்த வீணையைப் பற்றிக் கேட்டார். நரம்பை மிக இறுக்கினால் வாசிக்க வருமா? மிகத் தளர்த்தினால்? இவ்வளவும் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருவதைத்தான் கவனிக்க வேண்டும். விநய நூலின் மகாவர்க்கம் சொல்வதன்படி, புத்தர் அவனுக்குச் செருப்பு அணிய அனுமதி கொடுத்தார். சோணன் மறுத்தான்: அவ்வளவு சொத்தை விட்டு வந்தவன் ஒரு செருப்பில் பற்று வைத்திருக்கிறான் என்று ஊர் பேசும், சங்கம் முழுவதற்கும் அனுமதி தந்தால் அணிகிறேன். புத்தர் எல்லாத் துறவிகளுக்கும் ஒற்றை அட்டைச் செருப்பை அனுமதித்தார். ஓர் உடம்பின் மென்மை, ஒரு சமயத்தின் விதியையே மாற்றியது. புத்தர் அந்தப் பாதத்தைக் குறை சொல்லவில்லை; அதற்கு என்ன வேண்டும் என்று பார்த்தார்.

உடம்பை இழிவென்று எண்ணியிருந்து பின்பு எண்ணம் மாறியதாகத் திருமூலரும் சொல்லியிருக்கிறார். அவர் கண்டது உள்ளே உறையும் ஒருவனை. எனவே உடம்பைப் பேணினார். பதஞ்சலி ஆசனத்துக்குக் கேட்டது இரண்டே: நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும். அந்தச் சுகம் வருவது முயற்சி தளர்வதால் என்று அடுத்த சூத்திரத்திலேயே சொல்கிறார். சீனத்து ஜுவாங்சியிடம் இதே எண்ணம் காலணியை வைத்து வருகிறது: செருப்பு சரியாக இருந்தால் பாதம் மறந்துபோகும்.

நெடும்பயண ஓட்டுநருக்கு இது பொழுதுபோக்குத் தத்துவம் இல்லை. முழங்கால் வலிக்கிறவருடைய கவனத்தில் பாதி முழங்காலில் இருக்கிறது. ஈர வளைவில் சிதறிய சரளையும், பக்கத் தடத்திலிருந்து திரும்பிப் பாராமலே நகரும் லாரியும் மீதிப் பாதியில்தான் பார்க்கப்பட வேண்டும். 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டுவதை அமெரிக்காவின் அயர்ன் பட் சங்கம் சான்றளிக்கிறது. சங்கத்தின் பெயரைக் கேட்டால் வலியைத் தாங்கும் போட்டி என்று தோன்றும். ஆனால் அந்த வகை ஓட்டத்தில் ஊறியவர்கள் கம்பெனி இருக்கையைக் கழற்றிவிட்டு, தங்கள் உயரத்துக்கும் எடைக்கும் தைத்த இருக்கையைப் போட்டுக்கொள்வது வழக்கம். தூரத்தைத் தாங்குவது வீரத்தால் ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சுகம் என்று சொல்லும்போது எந்தச் சுகம் என்பதையும் கேட்க வேண்டும். பழைய பைக்கை வாங்க வருபவர் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறார். மெத்தென்ற இருக்கை அந்தப் பத்து நிமிடத்தில் எல்லோரையும் வென்றுவிடும். இரண்டு மணி நேரத்தில் நுரை அமுங்கி, உட்காரும் எலும்பு இரண்டும் அடித்தட்டை உணரத் தொடங்கும். கைக்குக் கடினமாகத் தெரியும், அகலமாக வார்த்த இருக்கை பாரத்தைத் தொடை முழுக்கப் பரப்பி, மாலை வரை தாங்கும். எபிக்யூரஸ் இன்பத்தின் தத்துவவாதி என்று பெயர் பெற்றவர். அவர் உயர்வாக மதித்த இன்பமோ, உடம்பில் வலியும் மனத்தில் கலக்கமும் இல்லாத நிலை. பின்னால் பெரிய வலியைக் கொண்டுவரும் இன்பத்தை விட்டுவிடச் சொன்னார். பத்து நிமிட டெஸ்ட் ரைடு காட்டுவது அவர் ஒதுக்கிய இன்பத்தை. ஆகவே ஒரு மணி நேரமாவது ஓட்டவிடக் கேட்பது நியாயமான கோரிக்கை. விற்பவர் மறுத்தால், வண்டியை நிறுத்திவைத்தபடியே அரைமணி நேரம் ஓட்டும் நிலையில் உட்கார்ந்து பார்க்கலாம். முழங்கால் அதற்குள்ளேயே ஏதாவது சொல்லிவிடும்.

பிறர் சொல்லும் பரிந்துரை இந்த விஷயத்தில் ஓரளவுக்குத்தான் உதவும். நடுநிலை என்பது பொருளைப் பொறுத்தது அல்ல, நம்மைப் பொறுத்தது என்று விளக்க, அரிஸ்டாட்டில் மல்லன் மைலோவை அழைத்தார். பத்து மினா எடையுள்ள உணவு அதிகம், இரண்டு குறைவு என்பதற்காக எல்லோருக்கும் ஆறு என்று விதிக்க முடியாது. மைலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு மிகுதி. ஒரே ஆறடி நாலங்குலத்திலும் கால் நீண்டவர் உண்டு, மேலுடல் நீண்டவர் உண்டு. முன்னவருக்குத் தேவை ஃபுட்ரெஸ்ட் தூரம். பின்னவருக்கு ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசரும் ஏறி இறங்கும் கண்ணாடியும். எஃப்ஜேஆரிலும் கான்கர்ஸிலும் மின்சாரத்தால் ஏறும் கண்ணாடி இருப்பது பின்னவருக்குப் பெரிய வரம். முன்னவருக்கு அதனால் ஆகப்போவது கொஞ்சமே.

மோட்டார் சைக்கிளையும் தத்துவத்தையும் சேர்த்துப் பேசினால் எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக் வராமல் இருக்க மாட்டார். 1968-இல் மின்னசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு, 305 சிசி ஹோண்டா சூப்பர் ஹாக்கில், பின்னால் பதினொரு வயது மகன் கிறிஸை உட்காரவைத்து அவர் ஓட்டிய பயணமே 1974-இல் வந்த அவருடைய நூலின் அடிப்படை. தரம் என்றால் என்ன என்று நூல் முழுக்கத் தந்தை யோசிக்கிறார். பையன் வழியெல்லாம் பார்த்தது தந்தையின் முதுகை. கடைசிப் பகுதியில் அவன் ஃபுட்ரெஸ்டின் மேல் எழுந்து நின்று, தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்க்கும்போதுதான் பயணம் அவனுக்கும் சொந்தமாகிறது. நூலின் பெரிய வாதங்களைவிட இந்தச் சிறு நிகழ்ச்சி ஆழமானது என்றே சொல்லத் தோன்றுகிறது. தரம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அங்கே உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்கு அது எட்ட வேண்டும்.

பழைய வண்டியில் இன்னொரு உடம்பும் கூடவே வருகிறது. முதல் சொந்தக்காரர் இருக்கையைச் செதுக்கியிருக்கலாம், சஸ்பென்ஷனைத் தாழ்த்தியிருக்கலாம், ஸ்பிரிங்கைத் தன் எடைக்கு மாற்றியிருக்கலாம். 25 லிட்டர் டேங்கும் ஷாஃப்ட் டிரைவும் அப்படியே இருந்தாலும், அது கம்பெனியிலிருந்து வந்த எஃப்ஜேஆர் அல்ல. சர்வீஸ் புத்தகம், டயரின் பக்கவாட்டில் வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு இலக்கம், ஷாஃப்டின் எண்ணெய் மூன்றையும் பார்ப்பவர், விற்பவரின் உயரத்தையும் கேட்க வேண்டும். ஏன் விற்கிறார் என்றும் கேட்க வேண்டும். எஸ்டி1300 போன்ற கனமான வண்டிகள் பலவும் சந்தைக்கு வருவது பழுதால் அல்ல. ஐம்பதில் இலகுவாகத் தள்ளிய பாரத்தை அறுபத்தைந்தில் தள்ள முடியாமல் போகிறது. வண்டி பொருந்தியது உண்மை, இன்று பொருந்தவில்லை என்பதும் உண்மை. இடையில் மாறியது உடம்பு. கழற்றிவைத்த பழைய இருக்கையும் அசல் கண்ணாடியும் அத்தகையவரின் கொட்டகையில் பெரும்பாலும் இருக்கும். விலை பேசும்போது அவற்றையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.