கடையும் படிப்பும்: முறை வைத்துக் கற்போம்

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பம் செய்கிறோம். அவனுடைய தூதர் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

நம்மவர்களின் கடைகளில் இப்பொழுது அடிக்கடி எழுகின்ற ஒரு கேள்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். பட்டம் பெற்ற மகனோ, மருமகனோ, கடையில் கணக்கெழுதும் தம்பியோ வந்து, "கடையை விடாமலே மாலை நேரத்தில் எம்.பி.ஏ. படிக்க நினைக்கிறேன், அனுமதியும் வேண்டும், பணமும் வேண்டும்" என்று கேட்கிறார். "கல்லாவில் உட்கார்ந்து கற்காததையா காலேஜில் போய்க் கற்றுவிடப் போகிறாய்?" என்று மறுத்துவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் ஆசைக்காக வட்டிக்குக் கடன் வாங்கியாவது அனுப்பிவைப்பவர்களும் இருக்கிறார்கள். இவ்விரண்டும் சரியான வழியல்ல என்பதே நமது கருத்து. சரியான வழி எது என்பதற்கு ஸஹாபாப் பெருமக்களின் வாழ்க்கையிலேயே நமக்கு முன்மாதிரி கிடைக்கிறது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் வியாபாரி. மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் ஒருவர் அண்டை வீட்டார். அவ்விருவரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருநாள் அவர் நாயகம் (ஸல்) அவர்களின் சபைக்குப் போவார். மறுநாள் இவர்கள் போவார்கள். போனவர் அன்று கேட்டறிந்ததையெல்லாம் போகாதவரிடம் வந்து சொல்லிவிடவேண்டும். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில், கல்வியைப் பற்றிய பாகத்திலேயே பதிவாகியிருக்கிறது. பிழைப்பும் கெடவில்லை, கல்வியும் கெடவில்லை. பகுதி நேரப் படிப்பு நேற்று முளைத்த புதுமை என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். பிறர் வீட்டில் நுழையுமுன் மூன்று முறை அனுமதி கேட்கவேண்டும், கிடைக்காவிட்டால் திரும்பிவிடவேண்டும் என்னும் நபிபோதனையை அபூமூஸா (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னபொழுது, கலீபாவாக இருந்த உமர் (ரலி) அவர்கள் சாட்சி கேட்டார்கள். சாட்சி வந்தது. கடைத்தெருக் கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்டிருந்ததால் இது தமக்குத் தெரியாமற் போயிற்று என்று அப்பொழுது அவர்களே சொன்னார்கள். முறை வைத்துக் கற்ற அம்மேதைக்கே வியாபாரத்தால் ஒரு விஷயம் தவறிற்று என்றால், முறையே வைக்காத நமக்கு எத்தனை தவறும்!

மார்க்கக் கல்விக்குச் சொன்னதை உலகக் கல்விக்குப் பொருத்தலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஹலாலாகச் சம்பாதிப்பது நம்மீது கடமை. அக்கடமையை நிறைவேற்ற எந்த அறிவு இல்லாமல் முடியாதோ, அந்த அறிவும் அவசியமாகிவிடுகிறது. நமது பாட்டனார் காலத்தில் ஒரு சிட்டையும் ஒரு பேரேடும் கடைக்குப் போதுமாயிருந்தன. இன்றோ மலேசியாவில் 2018 செப்டம்பர் முதல் விற்பனை, சேவை வரி மீண்டும் நடைமுறையில் இருக்கிறது. 2024 ஆகஸ்டு முதல் மின்னியல் விலைப்பட்டியல் முறை பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது. இவற்றை அறியாதவர் நல்லெண்ணம் உடையவராயிருந்தும் சட்டத்துக்கு முன் குற்றவாளியாகிவிடுகிறார். தகப்பனார் மௌத்தானதும் யாருக்கு எவ்வளவு பற்று, யாரிடம் எவ்வளவு வரவு என்று தெரியாமல் பங்காளிகள் பிரிந்து, கடைக்கதவு மூடப்பட்ட கதை நம் ஊர்களில் ஒன்றிரண்டல்ல.

எனவே படிக்கலாம். ஆயினும் முதலில் நிய்யத்தைச் சரிபார்க்கவேண்டும். பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்துச் சேர்ப்பதற்காகவா? சம்பந்தம் பேசும்பொழுது பெருமையடித்துக் கொள்வதற்காகவா? அல்லது கணக்கு நேராகவும், தொழிலாளிக்குச் சம்பளம் ஒழுங்காகவும், வாங்கியவருக்குச் சரக்கு நியாயமாகவும் சேரவேண்டும் என்பதற்காகவா? கடைசியாகச் சொன்ன நிய்யத்துடன் படிப்பவருக்கு, அவர் வகுப்புக்கு நடக்கும் நடையும் வணக்கமாக எழுதப்படும் என்று ஆதரவு வைக்கலாம். அந்நிய்யத்து இல்லாதவர் தம் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதே மேல்.

அடுத்தது, எங்கே சேர்வது என்னும் விஷயம். சரக்கு வாங்குமுன் தட்டிப்பார்க்கும் நாம், கல்லூரியைத் தட்டிப்பார்க்கத் தவறக்கூடாது. மலேசியாவில் எம்.கியூ.ஏ. என்னும் தகுதி முகமை, அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை வைத்திருக்கிறது. அப்பதிவேட்டில் கல்லூரியின் பெயரை மட்டுமல்ல, சேரப்போகும் படிப்பின் பெயரையும் தேடிப் பார்க்கவேண்டும். வகுப்பும் இல்லாமல் பரீட்சையும் இல்லாமல், பணம் கட்டினால் பட்டம் தருகிறோம் என்று சொல்லுகிறவர்களிடம் நெருங்கவே வேண்டாம். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் அவர்கள் பெயராலேயே அமைந்திருக்கிறது. கற்காத கல்விக்குப் பட்டம் வாங்கி மாட்டிக்கொள்வதும் படிக்கல்லில் செய்யும் மோசத்தின் இனத்தைச் சேர்ந்ததேயாகும்.

வசதிகளுக்குக் குறைவில்லை. பினாங்கில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2000-ம் ஆண்டில் தோன்றிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலை செய்துகொண்டே படிப்பவர்களை உத்தேசித்து நடப்பவை. இஸ்லாமிய நிதித்துறையில் மேற்படிப்பு வேண்டுவோருக்கு, பேங்க் நெகாரா 2005-ல் கோலாலம்பூரில் நிறுவிய இன்செய்ஃப் இருக்கிறது. பொதுவாக முதல் பட்டம் கேட்பார்கள். அது இல்லையே என்று கடையிலேயே வயதைக் கழித்துவிட்ட சகோதரர்கள் மனந்தளர வேண்டாம். 'ஏபெல்' என்று ஒரு வழி இருக்கிறது. முப்பது வயது நிரம்பி, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவுக்குச் சமமான தகுதியும் படிப்போடு தொடர்புடைய தொழில் அனுபவமும் உள்ளவர்கள், அதற்கான மதிப்பீட்டில் தேறினால் முதுகலைப் படிப்பில் சேர மனுச் செய்யலாம். கல்லாவில் கழிந்த வருஷங்களுக்கும் இவ்விதம் ஒரு மதிப்பு உண்டாகிறது.

மனு எழுதுவது ஒரு சாட்சியம் சொல்வதைப் போன்றது. கடையில் என்ன வேலை செய்தோம், எத்தனை ஆண்டு செய்தோம் என்பதை உள்ளது உள்ளபடி எழுதவேண்டும். தகப்பனார் கடை என்பதற்காகச் சரக்கு அடுக்கிய பிள்ளைக்கு 'மேலாளர்' என்று கடிதம் கொடுப்பது பொய்ச்சாட்சி. அதைப் பெற்றவரே செய்தாலும் பொய் பொய்தான்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். ஒரு கணக்குக்காக மொத்தச் செலவு 30,000 வெள்ளி, படிப்புக் காலம் மூன்றாண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000, நாளொன்றுக்கு 28 வெள்ளிக்கும் குறைவு. மலைபோல் தெரிந்த தொகை, தினசரி ஒதுக்கினால் தாங்கக்கூடியதாகிவிடுகிறது. சேருவதற்கு ஓராண்டு முன்பிருந்தே ஒதுக்கத் தொடங்குவது நலம். அப்படி ஒதுக்கிய பணம் நிஸாபை எட்டி, வருஷமும் பூர்த்தியானால் அதற்கும் ஜகாத் உண்டு என்பதை மறக்கவேண்டாம். பாடக் கட்டணம் தவிர, பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், தவறிய பாடத்தை மறுபடி எழுதும் கட்டணம், இடையில் விலகினால் திரும்பக் கிடைப்பது எவ்வளவு என்பவற்றையெல்லாம் கையெழுத்துப் போடுமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.

கல்லாப்பெட்டியில் கிடக்கும் பணமெல்லாம் நம் பணமல்ல, சகோதரர்களே! அதில் மொத்த வியாபாரிக்குச் சேரவேண்டியது இருக்கிறது; பங்காளியின் பாகம் இருக்கிறது; தொழிலாளியின் சம்பளம் இருக்கிறது; ஜகாத் இருக்கிறது; வீட்டாரின் ஜீவனாம்சம் இருக்கிறது. இவையெல்லாம் போக எஞ்சியதே நமது லாபம். படிப்புச் செலவு அந்த லாபத்திலிருந்துதான் போகவேண்டும். பிறர் அமானத்தை எடுத்துப் பெறும் பட்டத்தில் பரக்கத்து இராது.

லாபம் போதவில்லையென்றால்? கே.டபிள்யூ.எஸ்.பி. என்னும் ஊழியர் சேமநிதியில் பணம் உள்ளவர்கள், தங்கள் மேற்படிப்புக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ ஒரு பகுதியை எடுக்க விதி இடம் தருகிறது. 2024 மே மாதத்தில் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, கல்விக்கான தொகை 'செஜாதெரா' கணக்கிலிருந்து வருகிறது. ஆயினும் அது முதுமைக்கான கஞ்சி, அளந்தே எடுக்கவேண்டும். தமது மேற்படிப்புக்குத் தாமே கட்டிய கட்டணத்துக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு. வரியே 7,000 வெள்ளி குறைந்துவிடும் என்று மயங்கவேண்டாம். அத்தொகைக்குரிய வரிதான் குறையும். 11 சதவீதப் படியில் இருப்பவருக்கு மிச்சமாவது 770 வெள்ளி. அதுவும் நல்லதுதான்.

வட்டிக்கடன் மட்டும் வேண்டாம். வட்டியை வாசல் வழியே விரட்டிவிட்டு, கல்வியின் பெயரால் கொல்லை வழியே அழைத்துவர வேண்டாம். 1983-ல் பேங்க் இஸ்லாம் தோன்றியது முதல் இந்நாட்டில் வட்டியில்லா முறையில் நிதி தரும் நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றின் நிபந்தனைகளை ஆலிம்களிடம் காட்டித் தெளிவு பெறலாம். அதைவிட மேலானது நமக்குள் கொடுத்துக்கொள்ளும் கர்ளு ஹஸனா என்னும் அழகிய கடன். வகுப்பில் வட்டிக் கணக்கும் சொல்லிக் கொடுப்பார்களே என்று சிலர் தயங்குகிறார்கள். அறிவது வேறு, வாங்குவது வேறு. எது வட்டி என்று தெரிந்தவரே அதிலிருந்து தப்ப முடியும்.

இவ்விடத்தில் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களை நினைவு கூருவது பொருத்தம். கூபா நகரில் பட்டுத்துணி வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். அவர்களிடம் ஓதவந்த ஏழை மாணவர் அபூயூஸுப், குடும்பக் கஷ்டத்தால் படிப்பை விட்டுவிடும் நிலைக்கு வந்தார். இமாமவர்கள் தம் வியாபார லாபத்திலிருந்து பணம் கொடுத்து, தீர்ந்தபொழுதெல்லாம் மீண்டும் கொடுத்து, அவரைப் படிக்கவைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அம்மாணவரே பின்னாளில் கலீபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காஜியாகி, அரசாங்க வருமானத்தைப் பற்றி 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலை இயற்றினார். ஒரு துணிக்கடையின் லாபம் ஒரு சாம்ராஜ்யத்தின் நீதிக்குப் பயன்பட்டது!

நமது முதலாளிமார்களிடம் நாம் வேண்டிக்கொள்வது இதுதான். படிக்கவைப்பது என்றவுடன் சொந்தப் பிள்ளையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் கடையில் பத்து வருஷமாகக் கணக்கெழுதும் ஏழை வீட்டுத் தம்பியையும் பாருங்கள். உங்கள் மகளையும் மருமகளையும் பாருங்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் ஆட்களை வைத்து வியாபாரம் நடத்திய பெருமாட்டி அல்லவா? பினாங்கில் 1801-ம் ஆண்டிலே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழக் காரணமாயிருந்த காதிர் முகைதீன் அவர்களும் நம்மைப் போன்ற வியாபாரியே. தொழுமிடம் கட்டிய கைகள், படிக்கும் பிள்ளைக்கும் நீளட்டும்.

கொடுப்பது நன்கொடையா, கடனா, படித்து முடித்துச் சில காலம் கடையில் இருக்கவேண்டும் என்னும் உடன்படிக்கையா என்பதை ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ம் வசனம், கடனை எழுதிவைப்பது பற்றியதே என்பதை அறிந்திருக்கிறீர்கள். சாட்சிகளும் இருக்கட்டும். ஆனால் படிக்கவைத்ததைச் சொல்லிக்காட்டி, ஒருவரை ஆயுளுக்கும் கட்டிப்போடாதீர்கள். சொல்லிக்காட்டப்பட்ட தர்மம் வீணாகிவிடும். படித்தவரும் நன்றி மறந்து, எழுதிய கெடுவுக்கு முன்னால் ஓடிவிடுவது வாக்குமீறல் என்பதை உணரவேண்டும்.

நேரத்தையும் பங்கிடவேண்டும். மாலை வகுப்பு மஃரிபை விழுங்கிவிடக் கூடாது. சேருமுன்பே தொழுகை இடம் எங்கே, இடைவேளை எப்பொழுது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு வகுப்பென்றால் அவைதாம் கடையில் கூட்டம் மிகுந்த நாட்கள். ரமலான் மாதமோ ஜவுளிக் கடைக்கு அறுவடைக் காலம். அந்நாட்களில் கல்லாவில் யார் இருப்பது என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். அண்ணன் வகுப்புக்குப் போகும் நாளில் தம்பி கடையைப் பார்க்கட்டும். போனவர் வந்ததும் இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் உட்கார்ந்து, கற்றதைக் கடையிலுள்ளோர் அனைவருக்கும் சொல்லட்டும். ஒரு கட்டணத்தில் ஒரு கடையே படித்துவிடும். ஹஜ்ரத் உமரும் (ரலி) அவர்களுடைய அண்டை வீட்டாரும் காட்டிய வழி இதுவே. சொல்லாமல் தமக்குள்ளேயே வைத்துக்கொள்பவர், கடையில் இருந்தவரின் உழைப்புக்குக் கடன்பட்டவராகவே இருப்பார்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தில் ஹலாலையும் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! பயன் தராத கல்வியிலிருந்தும், சுமக்க முடியாத கடனிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! கற்பவருக்குப் பணிவையும், கற்பிக்கச் செலவிடுபவருக்கு அழகிய கூலியையும் அருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.