எரியவில்லை என்றது மெய்யா?

சொல் மெய்யாக இருக்கவும் சொன்னவன் பொய்யனாதல் கூடுமோ? இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. பழைய மோட்டார் வண்டியொன்றின் முகப்பில் எரிந்த மஞ்சள் விளக்கிலிருந்து எழுந்தது.

வண்டி நம்முடையது, அதற்கு வயது முப்பதை நெருங்குகிறது. எஞ்சின் வடிவிலமைந்த அச்சிறு விளக்கு ஒருநாள் எரியத் தொடங்கி அணையாது நின்றது. எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் செவ்விளக்காயின் அவ்விடத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருப்போம். மஞ்சள்தானே என்று நான்கு திங்கள் ஓட்டினோம். விற்க நினைத்தபோதுதான் அது நம் கண்ணை உறுத்திற்று. "எதற்கு ஐயா வீண்செலவு? பல்பைக் கழற்றிவிட்டால் போயிற்று" என்றார் பட்டறைக்காரர் ஒருவர். நாம் ஆம் என்னவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் கழற்றிவிட்டார்.

வாங்க வந்தவர் சுங்கை பட்டாணிக்கு அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் லோரி ஓட்டுபவர். தம் தாயாரை வாரம் மும்முறை விடியற்காலையில் இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல வண்டி வேண்டுமென்றார். "விளக்கு ஏதும் எரிகிறதா ஐயா?" என்று ஒன்றே கேட்டார். "எரியவில்லை" என்றோம். தொழில் தெரிந்தவராயிருந்தும் சாவியைத் திருப்பிப் பார்த்தாரில்லை. நம் நரைக்குத் தந்த மரியாதை போலும். முன்பணம் வைத்துவிட்டுச் சென்றார்.

அன்றிரவு நம் மனம் நமக்காக வழக்காடத் தொடங்கிற்று. வாங்குபவனன்றோ சோதித்து வாங்க வேண்டும் என்றது முதலில். இதனை நாம் பொருட்படுத்தவில்லை. நம்பி வந்தவனுடைய நம்பிக்கையையே அவன்மேற் குற்றமாகச் சாட்டும் வாதம் இது. அடுத்த வாதமோ எளிதில் தள்ளத்தக்கதன்று. விளக்கு எரிந்தால் எஞ்சின் பழுது என்பது என்ன நிச்சயம்? மலைமேற் புகை கண்டு ஆங்கு நெருப்புண்டெனத் துணிவதை மணிமேகலையில் அறவணவடிகள் அளவை நூல் முறையில் உரைக்கின்றார். புகை நெருப்பை அறிவிக்கும். எரிவது சருகா வீடா என்று அறிவிக்காது. இவ்விளக்கோ அத்துணையும் அறிவிப்பதில்லை. ஏதோவொரு சென்சரிலிருந்து வரும் செய்தி எதிர்பார்த்த வரம்புக்குள் இல்லை என்பதே அதன் பொருள். பழுது எஞ்சினில் இருக்கலாம். சென்சரிலோ கம்பியிலோ இருக்கலாம். ஒருவேளை பொய்யுரைக்கும் விளக்கைத்தானே நீக்கினோம்?

இவ்வாதத்தின் ஓட்டை எங்கே என்று நெடுநேரம் எண்ணினோம். சாவியை முதலில் திருப்பியதும், எஞ்சின் கிளம்புமுன், எச்சரிக்கை விளக்குகள் எரிந்து காட்டும்படி வண்டி செய்வோர் அமைத்திருக்கின்றனர். என்னை? எரியக்கூடிய விளக்கு எரியாதிருந்தால்தான் குறையில்லை என்று கொள்ளலாம். நாவறுக்கப்பட்ட சாட்சி கூண்டில் ஏறி ஒன்றும் பேசவில்லை என்பதால் குற்றவாளி விடுதலையாவானோ? "எரியவில்லை" என்ற சொல்லை அவ்வன்பர் விலைமதித்தது, எரிய வல்லதொரு விளக்கு அங்கே உண்டு என்று கொண்டதனால். நாம் கொடுத்த சொல் மெய். அதற்கு ஈடாக நின்ற விளக்கு அங்கில்லை. விளக்கு சொல்வது பிழையா சரியா என ஆராயும் உரிமையும் அவருக்குரியதே. பல்போடு சேர்த்து அதையும் கழற்றிவிட்டோம்.

விடிந்ததும் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பின்பு, "நானும் வந்து பார்க்கிறேன் ஐயா" என்றார்.

வேறொரு பட்டறையில் பல்பு மீண்டும் ஏறிற்று. ஏறாமல் நோயறிய வழியுமில்லை. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001 முதலும், பழுதைப் படித்தறியப் பொதுவானதோர் ஏற்பாடு கட்டாயமாயிற்று. நம்முடையது அதற்கு முந்திய வகை. இரு முனைகளைக் கம்பியால் இணைத்தால் அவ்விளக்கே கண் சிமிட்டிப் பழுதின் எண்ணைச் சொல்லும். நீளமாக இருமுறை, குறுக்கமாக ஒருமுறை: 21. அவ்வகை வண்டியில் அது எஞ்சின் நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சரைச் சுட்டும்.

பட்டறை அன்பர் உடனே புதிய சென்சருக்குச் சொல்லி அனுப்பவில்லை, அளந்து பார்த்தார். குளிர்ந்திருக்கையில் ஏறத்தாழ 2,000 ஓம், 80 பாகை சூட்டில் ஏறத்தாழ 300 ஓம் தடை காட்ட வேண்டும், காட்டிற்று. சென்சர் மீது குற்றமில்லை. அதன்மேற் செருகும் முனையிற் பச்சைக் களிம்பேறியிருந்தது. செய்தி வாராமையால், எஞ்சின் முன்னரே சூடேறிவிட்டதாகக் கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டி பெட்ரோலைக் குறைத்து அளந்திருக்கிறது. குளிர்ந்த விடியலில் வண்டி முரண்டு பிடித்தது அதனால்தான். அம்மூதாட்டி சிகிச்சைக்குப் புறப்படும் வேளையும் அதுவே.

களிம்பைச் சுரண்டியதற்குக் கூலி முப்பது வெள்ளி. பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றிப் பழைய எண்ணை அழித்தார்கள். லோரிக்கார அன்பர் நம்மை விலக்கி, தாமே அமர்ந்து சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. எஞ்சின் கிளம்பியபின் அணைந்தது. அவர் அணைத்து மறுமுறையும் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் முறையும் பார்த்தார். அதன்பின் நம் முகத்தைப் பாராமல் மீதிப் பணத்தை எண்ணலானார்.