வாசகரின் தராசு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லும் சாலையின் இருபுறமும் மானாவாரிப் புஞ்சைகளும், சீமைக் கருவேலங் காடுகளும், வருஷத்தில் பல மாதம் அடிமண் தெரியக் கிடக்கும் கண்மாய்களுமாக விரிந்த இந்தச் சீமையில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் வாசகம் வாசிக்க எழுந்து வருகிறவர் பெரும்பாலும் குருவுமல்லர், கன்னியருமல்லர். வாரம் ஆறு நாளும் தறியிலோ, வத்தல் கடையிலோ, பள்ளிக்கூடத்திலோ பாடுபட்டு, ஏழாம் நாள் சலவைச் சட்டையோடு கோவிலுக்கு வருகிற இல்லறத்தார்.

1969இல் வகுக்கப்பட்ட கிரமப்படி ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் வருகின்றன. அச்சுற்றின் மூன்றாம் ஆண்டில், பொதுக்காலம் 25ஆம் ஞாயிறன்று, அதாவது புரட்டாசி பிறந்த கையோடு, விதைக்கும் உரத்துக்கும் சம்சாரிகள் கடன் கேட்டு அலைகிற அந்த நாள்களில், ஆமோஸ் தீர்க்கதரிசியின் எட்டாம் அதிகாரத்துப் பகுதி வாசிக்கப்படுகிறது. மரக்காலைச் சிறிதாக்கி, கள்ளத் தராசால் எளியவரை வஞ்சித்து, ஓய்வுநாள் எப்போது கழியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருக்கும் வியாபாரிகளை அது கண்டிக்கிறது. அந்தத் தீர்க்கதரிசியும் குருகுலத்தில் வந்தவர் அல்லர். தெக்கோவா என்ற வறண்ட மேட்டுநிலத்து ஊரில் ஆடு மேய்த்தும் காட்டத்தி மரங்களைப் பராமரித்தும் பிழைத்தவர்.

இப்போது அந்த வாசகத்தைப் படிக்க வேண்டிய முறை ஒரு வத்தல் வியாபாரிக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு கடையடைத்து வீடு வந்து, எத்தனை முறை கழுவினாலும் காந்தல் போகாத விரல்களால் பக்கத்தைத் திருப்பி, நிறுத்த வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு கோடிட்டு, வாய்க்குள்ளேயே இரண்டு முறை சொல்லிப் பார்க்கிறார். தராசு என்ற சொல் வந்ததும் குரல் தடைப்படுகிறது. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் தாம் கழித்த எடையில் நியாயமானது எவ்வளவு, கூடுதலாகக் கழித்தது எவ்வளவு என்பது அவர் ஒருவருக்கே தெரியும். அப்படிக் கழிக்கப்பட்ட மூட்டைக்குரியவர் மறுநாள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் வாசிக்கலாமா, வேறொருவரிடம் நூலைக் கொடுத்துவிட வேண்டுமா?

ஆதித் திருச்சபை இவ்விஷயத்தில் கண்டிப்பாகவே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில், வேதகலாபனைக் காலத்தில், கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்பிரியான், சித்திரவதைக்கும் அசையாத அவுரேலியு, செலரீனு என்ற இருவரை வாசகராக ஏற்படுத்தி, அதன் காரணத்தைத் தம் சபைக்குக் கடிதமாக எழுதினார்: நீதிபதியின் முன் விசுவாசத்தை அறிக்கையிட்ட வாயே ஜனங்களின் முன் சுவிசேஷத்தை அறிவிக்கத் தக்கது என்பது அவர் கருத்து. அடுத்த நூற்றாண்டிலோ, இளமையில் வாசகராக இருந்த ஜூலியன் பின்னர் ரோமைச் சக்கரவர்த்தியாகி அவ்விசுவாசத்தையே துறந்தான். அவன் வாசித்த நாள்களில் கேட்டவர்களுக்கு அந்த வாசகம் பொய்யாகிவிடவில்லை. ஆகவே வாசிப்பவரின் யோக்கியதை வாக்கியத்துக்கு மெய்ம்மை தருவதுமில்லை, அயோக்கியதை அதைப் பறிப்பதுமில்லை. பின்னும் கேள்வி முடிந்துவிடாமல் நிற்பது, வாக்கியம் காற்றில் போவதில்லை, ஒரு மனிதரின் காதில் போய் விழுகிறது என்பதனால்தான்.

அக்கேள்விக்கு விடை தேடுமுன் ஓர் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். யோக்கியதை என்ற சொல் நம் நாட்டில் சுத்தமான கைகளில் இருந்ததில்லை. வடக்கன்குளத்தில் கோவிலையே சாதிவாரியாகப் பிரித்து நடுவே சுவர் எழுப்பியிருந்த சரித்திரத்தை மறைக்க முடியாது. கோவிலில் இன்னார்தான் நிற்கத் தக்கவர் என்று ஊர் தீர்மானித்தபோதெல்லாம் அத்தீர்மானத்தில் ஒழுக்கத்தைவிடக் குலமே அதிகம் பேசியிருக்கிறது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வாசகர் பணியை மெய்யான வழிபாட்டுப் பணி என்று அறிவித்தது. 1972இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதைப் பொதுநிலையினருக்கு உரியதாக்கியும் ஆண்களுக்கே முறைப்படி அளித்தார். பெண்களுக்கும் அது முறைப்படி திறந்தது 2021இல்தான். அதுவரை வாசித்துவந்த எத்தனையோ பெண்களிடம் குறைந்திருந்தது குணமா? ஆதலால் ஒருவரை வாசக மேடையிலிருந்து இறக்கும் அதிகாரத்தை ஊர்ப்பேச்சின் கையில் கொடுப்பது தர்மமாகாது. இந்த விசாரணை நடக்க வேண்டிய இடம் வாசகரின் மனச்சாட்சி. மிஞ்சினால் பங்குச் சாமியாரோடு அந்தரங்கமாகப் பேசும் பேச்சு.

அந்த மனச்சாட்சி எதைக் கேட்க வேண்டும்? கோபம், சோம்பல், செபத்தில் மனம் ஒன்றாமை, தனிமையில் விழுந்து எழுகிற பலவீனங்கள் ஆகிய இவை ஒருவரை மேடையிலிருந்து விலக்குமானால் ஒவ்வொரு கோவிலிலும் அம்மேடை வெறுமையாகவே இருக்கும். அப்படிப்பட்டவர் வாசிக்க வேண்டும், தமக்கும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தாம் இழைத்து இன்னும் தீர்க்காத அநியாயம் இருக்குமானால் விஷயம் வேறு. அங்கே கெடுவது வாசகரின் கௌரவமன்று, கேட்பவரின் செவி. எளியவருக்காகக் கடவுள் பேசுகிற வாக்கியத்தை அந்த எளியவர், தம்மை வஞ்சித்தவரின் குரலிலேயே கேட்க நேர்கிறது. அதை அவரால் ஆறுதலாக ஏற்க இயலாமற்போனால் குற்றம் அவருடையதாகாது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்ற ஏசுவின் கட்டளை இந்தக் காணிக்கைக்கும் பொருந்தும்.

எனவே அவ்வியாபாரி நூலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுச் சும்மாயிருப்பது போதாது. அது வெட்கத்தை மறைக்கும் வழியாகலாம். போக வேண்டிய இடம் மூட்டைக்குரியவரின் வீட்டு வாசல். கழித்த எடையின் விலையை எண்ணிக் கொடுத்தபின், அதே ஞாயிறு அதே மனிதர் அதே வாசகத்தை வாசிப்பாரானால், அவரைவிடத் தகுந்த வாசகர் அப்பங்கில் இருக்க முடியாது என்பதே துணிபு.

இதே வறண்ட பூமியின் கிழக்குப் பகுதியில், 1693இல் ஓரியூரில் வேதசாட்சியாக வெட்டுண்ட அருளானந்தரின் காலத்தில், நோயுற்றுக் கிடந்த மறவர் குலத் தலைவர் தடியத் தேவரிடம் முதலில் சென்று சுவிசேஷ வாக்கியத்தைச் சொல்லிச் செபித்தவர் அருளானந்தர் அல்லர். அவர் அனுப்பிய ஓர் உபதேசியார். குரு போய்ச் சேராத ஊர்களில் வேதவாக்கியம் ஜனங்களுக்கு எட்டியது இத்தகைய இல்லறத்தாரின் குரலில்தான். அந்தப் பணியைத்தான் சலவைச் சட்டைக்காரர் இன்று ஏற்றுச் செய்கிறார்.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி வாசிக்கப்பட்ட ஆமோஸின் அப்பகுதி மறுபடியும் ஞாயிறு வாசகமாக வருவது 2028ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி. கணக்குத் தீர்க்க வேண்டியவர்கள் அதற்குள் தீர்த்துக்கொள்ளலாம்.