பயனில சொல்லின் பயன்

மக்கள் ஒன்றுகூடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். கூடிய பின் பேசுவதற்கு அக்காரணம் வேண்டுவதில்லை. கச்சேரி கேட்கக் கூடியோர் நெல் விலையைப் பேசுகின்றனர். நூலகத்திற்குச் செய்தித்தாள் படிக்க வந்தோர் மகளின் திருமணச் செலவைப் பேசுகின்றனர். இலக்கியக் கூட்டம் முடிந்து வாயிலில் மிதியடி தேடும் வேளையில் எழும் உரையாடலில் இலக்கியம் ஒரு சொல்லும் இராது. எடுத்த பொருளை விட்டு விலகி எங்கெங்கோ அலையும் இப்பேச்சைப் பெரியோர் வீண்பேச்சு என்றனர். நம் மலையாள நண்பர்கள் வெடிவட்டம் என்பர். இது வாழ்நாளை வீணாக்கும் குற்றமா? அன்றி மனிதர் மனிதரோடு வாழ்வதற்கு இன்றியமையாத ஒன்றா? பாலக்காட்டு எல்லையில் மற்போர்ச் சுவைஞர் சிலர் கூடும் ஒரு தேநீர்க் கடையை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

மல்லும் சொல்லும்

மற்போரும் அதனைக் காண்போரின் பேச்சும் தமிழர்க்குப் புதியன அல்ல. சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைப் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் பாடினார். அவன்மீது காதல் கொண்ட நக்கண்ணையாரோ 85ஆம் பாட்டில் களத்தைக் காட்டிலும் களத்தைப் பற்றிய ஊராரின் பேச்சையே முதலில் நமக்குக் கேட்பிக்கிறார். வெற்றி அவனுடையதே என்று ஒரு கூட்டமும், இல்லை என்று மற்றொரு கூட்டமுமாக ஊர் பிளவுபட்டு நிற்கிறது. அவ்வாரவாரத்தைக் கேட்ட அப்பெண், பனையொன்றைச் சார்ந்து நின்று அவன் வெற்றியைத் தன் கண்ணால் காண்கிறாள். மல்லர் மறைந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியும் கூட்டத்தின் பேச்சு அப்பாட்டில் இன்றும் ஒலிக்கிறது.

நம் பாலக்காட்டு மாவட்டத்துப் பல்லசனையில் ஓணத் திருநாளையொட்டி ஓணத்தல்லு நடைபெறுகிறது. இரு தரப்பாகப் பிரிந்த ஆடவர் மேலாடையின்றிக் களமிறங்கி, வெறுங்கையால் ஒருவர் முதுகில் ஒருவர் அறைவர். சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் கிங்காங், தாராசிங் என்னும் பெயர்கள் சிற்றூர்ச் சிறுவர் வாயிலும் வழங்கின. ஹங்கேரி நாட்டவரான கிங்காங் 1970இல் சிங்கப்பூரில் மறைந்தார். தாராசிங் 1968இல் பம்பாயில் லூ தெஸ் என்னும் அமெரிக்க மல்லரை வென்று உலகப் பட்டம் பெற்றார். 1990களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி நுழைந்தபின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்லர்கள் எல்லைப்புறத்து ஓட்டு வீடுகளுக்குள்ளும் வந்தனர். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சிறுவர்கள் சத்தியம் செய்தனர். 2022இல் வெளிவந்த 'கட்டா குஸ்தி' திரைப்படத்தின் நாயகி பாலக்காட்டு மற்போர் வீராங்கனையாகவே படைக்கப்பட்டாள்.

இவ்வமெரிக்க மற்போரில் வெல்பவர் யார் என்பது முன்னரே முடிவு செய்யப்படுவது. அந்நிறுவனமே 1989இல் நியூஜெர்சி மாநிலச் செனட் அவையின் முன் தன் தொழில் கேளிக்கையே என்று ஒப்புக்கொண்டது. இருந்தும் சுவைஞர் குறையவில்லை. இதில் வியப்பென்ன? சித்தூர் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கொங்கன் படை விழா நடைபெறுகிறது. கொங்குப் படை தோற்கும் என்பதை அறியாத குழந்தையும் அங்கு இல்லை. துரியோதனன் வீழ்வான் என்று தெரிந்தே நாம் விடியுமட்டும் கூத்துப் பார்க்கிறோம். முடிவு முன்னரே தெரிந்த போரைப் பற்றி நெடுநேரம் வாதாட இயலாது. ஆகவே பேச்சு விரைவில் வேறு திசைக்குத் திரும்பிவிடுகிறது.

கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் இடைப்பட்ட சாலையில் நாம் குறிப்பிட்ட தேநீர்க் கடை இருக்கிறது. தேங்காய் உரிக்கும் தொழிலாளி ஒருவர், லாரி ஓட்டும் இளைஞர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், சைக்கிள் கடைக்காரர் ஒருவர், வார நாள்களில் மைய அரசுக் கோப்புகளோடு பழகும் நாம் என ஞாயிறு காலையில் கூடுவோம். மெலிந்த உடம்பினரான அத்தொழிலாளிக்குக் கிங்காங் என்பதே அங்குப் பெயர்.

"ஏனுங்க அண்ணா, நேத்து சண்டை பாத்தீங்களா?" என்று இளைஞர் தொடங்குவார்.

"எங்கே கண்ணு! கரண்டு போயிருச்சு. அப்பறம் ரேஷன் கடைக்குப் பின்னால அந்தப் பாழுங்கிணத்துப் பக்கம் ஆடு போயிருச்சு. தேடவே நேரம் செரியாப் போச்சு" என்பார் கிங்காங்.

அவ்வளவுதான், மற்போர் முடிந்தது. ஆட்டிலிருந்து தீவன விலைக்கும், அங்கிருந்து ஆழியாற்று நீருக்கும், அங்கிருந்து மாதந்தோறும் பொள்ளாச்சிக்குச் சென்று சர்க்கரை மாத்திரை வாங்கும் அலைச்சலுக்கும் பேச்சு நகரும். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தால், புதிதாக ஒன்றைக் கற்றோம் என்று எவரும் சொல்ல முடியாது.

வள்ளுவர் கடிவது யாது?

அறத்துப்பாலில் புறங்கூறாமை 19ஆம் அதிகாரம். பயனில சொல்லாமை 20ஆம் அதிகாரம். தீவினையச்சம் 21ஆம் அதிகாரம். இவ்வரிசை எண்ணத்தக்கது. பிறரைப் பழிக்கும் சொல்லுக்கும் தீய செயலுக்கும் இடையில் வீண்சொல்லை வள்ளுவர் வைத்திருக்கிறார். பயனற்ற சொல்லைப் பாராட்டுவோனை மனிதருள் பதர் என்று அவர் கடிந்துரைப்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. நம் தேநீர்க் கடைக்கு இத்தீர்ப்பிலிருந்து தப்ப வழியுண்டா?

அவ்வதிகாரத்தின் முதற்குறளை ஊன்றிப் படித்தால் ஒன்று புலனாகும். கேட்போர் பலரும் வெறுக்கும் வண்ணம் வீண்சொல் பேசுபவனையே உலகம் இகழும் என்கிறார். கேட்பவரின் மனம் அங்கு அளவுகோலாக நிற்கிறது. விரும்பிக் கூடி, ஒருவர் சொல்லை மற்றவர் மகிழ்ந்து ஏற்கும் இடத்தில் அவ்வெறுப்பு இல்லை. மேலும், சொல்லின் பயன் என்பது செய்தி மட்டுந்தானா என்னும் வினாவும் எழுகிறது. காலையில் அண்டை வீட்டாரைக் கண்டு "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்கிறோம். அவர் உண்டதை அறிந்து நாம் செய்யப் போவது யாது? ஒன்றுமில்லை. எனினும் ஒரு நாள் கேளாது போனால், நம்மீது ஏதோ வருத்தம் என்று அவர் கருதுகிறார். செய்தி ஏதுமற்ற அச்சொல் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

நியூகினிக்கு அருகிலுள்ள டிரோப்ரியாண்டு தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர் 1923இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இவ்வேலையைச் சுட்டினார். கருத்தை உணர்த்துவதற்காக அன்றி, பேசுவோரைப் பிணைப்பதற்காகவே நிகழும் பேச்சு ஒன்று உண்டென்றும், அது தீவு மக்களிடத்தும் ஐரோப்பிய விருந்துக் கூடத்திலும் ஒன்றே என்றும் அவர் கண்டார். அதனை நாம் உறவுப் பேச்சு எனலாம். வயலில் வரப்புக்குத் தனியே விளைச்சல் இல்லை. ஆனால் வரப்பு உடைந்தால் நீர் நிற்பதில்லை.

வள்ளுவரே இதற்கு மற்றொரு சான்று தருகிறார். நட்பின் பயன் சிரித்து மகிழ்தலோடு முடிவதில்லை. நண்பன் வரம்பு கடக்கும்போது முற்பட்டு இடித்துரைப்பதே அதன் கடமை என்பது அவர் முடிவு. நன்று. அவ்வாறு இடித்துரைக்கும் உரிமை ஒருவர்க்கு எங்கிருந்து வருகிறது? நாம் கூறிய லாரி இளைஞர் ஒரு காலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டத் தொடங்கினார். ஆசிரியர் அறிவுரை கூறினார். இளைஞர் தலையாட்டிவிட்டுச் சென்றார். கிங்காங்கோ ஒரு ஞாயிறன்று எல்லார் முன்னிலையிலும், "மறுபடி குடிச்சிட்டு வண்டிய எடுத்தீன்னா எம்பக்கத்துல உக்காராதே" என்றார். இளைஞர் அதன்பின் குடித்து வண்டியெடுத்ததை நாம் அறியோம். ஆட்டைப் பற்றியும் அண்டர்டேக்கரைப் பற்றியும் பேசிய பத்தாண்டுப் பேச்சே அவ்வொரு சொல்லுக்கு வலிமை தந்தது. உரிமையோடு சொல்லும் ஒரு கடுஞ்சொல்லுக்குப் பின்னால் ஆயிரம் சிறுசொற்கள் முதலாக நிற்கின்றன.

சிதறிய சொற்கள்

2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. வாளையாறு முதல் குமுளி வரை எல்லைச் சாலைகள் அடைபட்டன. கேரளத்தில் உறங்கித் தமிழகத்தில் உழைத்தும், தமிழகத்தில் வாழ்ந்து கேரளத்தில் கொடுக்கல் வாங்கல் செய்தும் பழகிய நம் எல்லைப்புறத்தாருக்கு, அதுகாறும் வரைபடத்தில் மட்டுமே இருந்த கோடு கண்முன் எழுந்து நின்றது. தேநீர்க் கடையும் மூடப்பட்டது.

மூன்றாம் வாரத்தில் அந்த லாரி இளைஞருக்கு ஒன்று தோன்றியது. கிங்காங் மாதந்தோறும் பொள்ளாச்சியில் வாங்கும் மாத்திரை இந்நேரம் தீர்ந்திருக்கும். அவரோ எல்லையைக் கடக்க முடியாது. அவரிடம் கைப்பேசி இல்லை. அவர் வீடு எங்கே? எவருக்கும் தெரியவில்லை. அவர் உண்மைப் பெயர்? அதுவும் தெரியவில்லை. ஆனால் ரேஷன் கடைக்குப் பின்னே பாழுங்கிணறு உண்டு என்பது தெரியும். தமக்கை வீட்டுக் கூரை கோயில் தேர்முட்டியிலிருந்து தெரியும் என்று அவர் ஒருமுறை கூறியது ஆசிரியருக்கு நினைவிருந்தது. பால் வண்டியின் மணியோசையில்தான் கண் விழிப்பதாக அவர் சொன்னதைச் சைக்கிள் கடைக்காரர் எடுத்துக் கூறினார். நாம் ஒவ்வொருவரும் நினைவிலிருந்த துணுக்குகளைத் தொலைபேசி வழியே ஒன்றுசேர்த்தோம். வீணென்று காற்றில் விட்ட சொற்கள் ஒரு முகவரியாயின. வார்டு உறுப்பினரின் துணையோடு இளைஞர் அவ்வீட்டைக் கண்டுபிடித்தார். மாத்திரை தீர்ந்து ஆறு நாளாகியிருந்தது, கால்கள் வீங்கியிருந்தன. அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று சீட்டுப் பதிவு செய்யும்போதுதான் கிங்காங்கின் உண்மைப் பெயரை நாம் அறிந்தோம்.

இதனால், என்றேனும் உதவும் என்று கணக்கிட்டு வீண்பேச்சுப் பேச வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. உதவியை எண்ணிப் பேசியிருந்தால் அப்பேச்சு வாணிகமாகியிருக்கும். அவரும் ஆட்டைப் பற்றி அத்துணை விரிவாகக் கூறியிருக்க மாட்டார். பயன் கருதாத காரணத்தினாலேயே பயன்பட்ட பேச்சு அது.

இதே எல்லையின் தென்பகுதியாகிய இடுக்கியிலும் இத்தகைய ஒன்றை நாம் காணலாம். 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர், 20 விழுக்காடு போனஸ் கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். நிலைபெற்ற தொழிற்சங்கங்களின் தலைமையை விலக்கி, பெண்கள் ஒற்றுமை என்னும் பொருளில் 'பெம்பிளை ஒருமை' எனத் தம்மை அழைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் திரண்டனர். கேட்ட விழுக்காட்டையும் பெற்றனர். தலைவர் இன்றித் திரளும் ஆற்றல் ஒரே நாளில் தோன்றுவதன்று. கொழுந்து கிள்ளும் நிரையிலும், லயத்து முற்றத்திலும், தண்ணீர்க் குழாயடியிலும் ஆண்டுக்கணக்கில் நடந்த பேச்சுக்கு அத்திரட்சியில் பங்குண்டு என்பது நம் துணிபு. அப்பேச்சை வெறும் பெண்கள் வாயாடல் என்றே பலரும் கருதியிருந்தனர்.

விலை கொடுப்பவர் யார்?

அங்ஙனமாயின் வீண்பேச்சு அனைத்தும் நன்றா? அன்று. இங்குதான் வள்ளுவரின் எச்சரிக்கை நமக்கு வேண்டும். அவர் அதனைப் புறங்கூறலுக்கு அடுத்து வைத்தது காரணத்தோடுதான். பேசப் பொருளற்ற நாவுக்கு எளிதில் கிடைக்கும் பொருள், அங்கு இல்லாத மனிதரே. ஆட்டைப் பற்றிய பேச்சு ஆட்டுக்காரரைப் பற்றியதாக மாறவும், அது அவர் மனைவியைப் பற்றியதாக மாறவும் நெடுநேரம் ஆவதில்லை.

மற்றொன்றும் உண்டு, அது அலுவலகத்தில் பணிபுரிவோர் நன்கு அறிந்தது. சாளரத்தின் இப்புறம் இரு எழுத்தர்கள் நேற்றைய ஆட்டத்தைப் பேசி மகிழ்கின்றனர். அப்புறம் ஓய்வூதியப் படிவத்தைக் கையில் பிடித்து ஒரு மூதாட்டி நிற்கிறார். அவர் ஊருக்குச் செல்லும் பேருந்து பன்னிரண்டு மணிக்கு, தவறினால் மாலைதான். பேச்சில் தீச்சொல் ஒன்றும் இல்லை. தேநீர்க் கடையில் பேசினால் எவர்க்கும் இனிக்கும் சொற்களே அவை. ஆனால் அவற்றின் விலையை அம்மூதாட்டி தம் கால்வலியால் கொடுக்கிறார். அவரைக் கேட்டு எவரும் அவ்விலையை வாங்கவில்லை.

ஆகவே வீண்பேச்சை அளக்க நாம் ஒரு கோலை முன்வைக்கிறோம். பேச்சின் பொருள் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று பார்ப்பதைவிட, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று பார்த்தல் வேண்டும். பேசுவோரே தம் ஓய்வு நேரத்தை மனமுவந்து கொடுத்துப் பேசினால், மற்போரும் ஆட்டுக்குட்டியும் நல்ல பொருளே. அங்கு இல்லாதவர் தம் மானத்தையோ, காத்து நிற்பவர் தம் காலத்தையோ விலையாகக் கொடுக்க நேர்ந்தால், திருக்குறளைப் பற்றியே பேசினாலும் அது பயனில் சொல்தான்.

இன்று பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட்ட வீடுகள் நம் பாலக்காட்டில் பல. அங்குள்ள முதியோருக்கு மருந்து வருகிறது, பணம் வருகிறது, தேவையான செய்திகள் அனைத்தும் கைப்பேசியில் வருகின்றன. வராதது தேவையற்ற பேச்சு ஒன்றுதான். "மழை வருமா?" என்று அத்தகைய ஒருவர் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டால், அவர் கேட்பது வானிலையை அன்று என்பதை உணர்ந்து, சற்று நின்று விடை கூறிச் செல்வோமாக.