அகவையும் அத்தாட்சியும்

தான் பிறந்த நாளைத் தானே கண்டறிந்தவர் உலகில் எவருமிலர். பெற்றோர் சொல்லக் கேட்டோ, பதிவேட்டிற் குறித்திருப்பதைப் படித்தோதான் ஒருவர் அதனை அறிகின்றார். காட்சி, கருதல், உரை எனச் சைவசித்தாந்திகள் கொண்ட மூன்று அளவைகளுள், தம் அகவையை அறிவதற்கு மாந்தர் பெரிதும் நம்பியிருப்பது உரையளவையையே. அன்றாட வாழ்வில் இதனால் இடர் எதுவும் விளைவதில்லை. ஆனால் அகவையே ஒரு சாதனையின் அளவுகோலாகும்போது, யாருடைய உரை ஏற்கத்தக்கது என்னும் வினா எழுகின்றது. அது அறிவு பற்றிய வினா மட்டுமன்று. அறம் பற்றிய வினாவுமாகும். முதியோர் நெடுந்தூர ஓட்டத்தில் எழுந்த வழக்கொன்று இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது.

பஞ்சாப்பின் ஜலந்தர் மாவட்டத்துச் சிற்றூரொன்றிற் பிறந்த பௌஜா சிங், எழுத்தறியாத உழவர்; முதுமையில் இங்கிலாந்திற் குடியேறியவர். அவருடைய பிரித்தானியக் கடவுச்சீட்டு 1911 ஏப்பிரல் 1 ஆம் திகதியைப் பிறந்த நாளாகக் குறித்தது. அக்கணக்கின்படி 2000 ஆம் ஆண்டில் இலண்டன் மரதன் ஓட்டத்தில் முதன்முதலாகப் பங்குபற்றியபோது அவருக்கு அகவை 89. 2003 இல் ரொறன்ரோ நகரில் அதே தூரத்தை 5 மணி 40 நிமிடங்களில் ஓடினார். 2011 ஒக்ரோபர் 16 ஆம் நாள் அந்நகரிலேயே மீண்டும் ஓடி, 42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை 8 மணி 11 நிமிடங்களிற் கடந்தார். நூறு அகவை நிரம்பிய ஒருவர் மரதன் ஓட்டத்தை முடித்தமை இதுவே முதன்முறை என உலகச் செய்தியேடுகள் வியந்தன. ஆயினும் கின்னஸ் சாதனை நூலார் அதனைப் பதிவு செய்ய மறுத்தனர். பிறந்த காலத்திலேயே எழுதப்பெற்ற பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை அவர்கள் வேண்டினர். அது அவரிடம் இருக்கவில்லை. 1911 இல் அப்பகுதியிற் பிறப்புப் பதிவுகள் பேணப்படவில்லை என இந்திய அதிகாரிகள் எழுதிய கடிதமும், கடவுச்சீட்டும் போதியனவாகக் கொள்ளப்படவில்லை.

இம்மறுப்பினைத் தப்பெண்ணத்தின் விளைவென்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. முதுமையில் அகவையைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் பல நாடுகளிற் காணப்பட்டுள்ளது. எக்குவடோர் நாட்டு வில்கபம்பா என்னும் மலையூரில் நூறு கடந்தோர் பலர் வாழ்வதாக 1970களின் தொடக்கத்திற் பரவலாக நம்பப்பட்டது. 1979 இல் வெளியான ஆய்வு, அங்கு நூறு அகவையை எட்டியவர் ஒருவரேனும் இலர் எனக் காட்டியது. அவ்வூரார் அனைவரும் வேண்டுமென்றே பொய் சொன்னவர்கள் எனக் கொள்ளவேண்டியதில்லை. மூத்தோர்க்கு மதிப்பளிக்கும் சமூகத்தில் அகவை மெல்ல மெல்ல ஏறிச்செல்வது இயல்பு. நம்பிக்கை சான்றின் அளவினதாதல் வேண்டும் என 18 ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் வற்புறுத்தியதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. அரிய செய்திக்கு உறுதியான சான்று வேண்டும். மேலும், சாதனைப் பதிவு என்பது ஒருவருக்கு அளிக்கப்படும் பாராட்டு மட்டுமன்று. பின்வரும் ஓட்டக்காரர் அனைவரும் தம்மை ஒப்பிட்டுக்கொள்ளும் எல்லைக்கல்லுமாகும். ஐயத்திற்கிடமான இடத்தில் அக்கல்லை நாட்டினால், உண்மையிலேயே நூறு அகவையில் ஓடவரும் மற்றொருவருக்கு அநீதி விளையும்.

எனினும், இவ்வளவிற் சிந்தனையை நிறுத்துவது முறையன்று. எட் விற்லொக் என்பவர் 1931 இல் இங்கிலாந்திற் பிறந்து கனடாவில் வாழ்ந்தவர். 73 ஆம் அகவையில், 2004 ஆம் ஆண்டு, அதே ரொறன்ரோ நகரில் 2 மணி 54 நிமிடங்களில் மரதன் ஓட்டத்தை முடித்தார். அவ்வேகம் உலகை வியக்க வைத்தது. அவரது அகவையோ வினாவுக்குள்ளாகவில்லை. அதற்குக் காரணம் அவர் பிறந்த நாடு. இங்கிலாந்தில் 1874 ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பைப் பதியாதோர்க்குத் தண்டம் விதித்தது. அதே பிரித்தானிய ஆட்சி இந்தியாவில் 1886 இல் இயற்றிய சட்டமோ பதிவினை விருப்பத்திற்கு விட்டது. இந்தியா முழுமைக்கும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1969 இலேயே வந்தது. எனவே, ஒருவரிடம் பத்திரம் இருப்பதும் மற்றவரிடம் இல்லாதிருப்பதும் அவர்தம் வாய்மையைக் காட்டுவன அல்ல. அவர்களை ஆண்ட அரசுகள் எவர் பிறப்பை எண்ணத்தக்கதாகக் கருதின என்பதையே காட்டுவன. தரப்படாத பத்திரத்தைக் காட்டவில்லை என்பதற்காக ஒருவர்மீது பழி சுமத்துவது அறமாகாது.

இவ்விரு நியாயங்களும் ஒன்றையொன்று அழிப்பன போலத் தோன்றினும், மூன்று செய்திகளை வேறுபடுத்தி நோக்கின் முரண் நீங்கும். ஒருவரின் அகவை யாது என்பது ஒன்று. அது நிறுவப்பட்டதா என்பது வேறு. அவர் நேர்மையாளரா என்பது மற்றொன்று. சாதனை நூலார் தீர்ப்புக் கூற உரிமையுடையது இரண்டாவதைப் பற்றி மட்டுமே. “நிறுவப்பட்டிலது” என்பது “பொய்” என்பதன் மறுபெயரன்று. ஆயினும் பொதுமக்கள் பேச்சில் மறுப்பு விரைவில் ஐயமாகவும், ஐயம் விரைவிற் குற்றச்சாட்டாகவும் மாறிவிடுகின்றது. அம்மாற்றத்திலேதான் அநீதி தோன்றுகின்றது; மறுப்பிலன்று.

போற்றுவோர்க்கும் இதற்கிணையான கடமை உண்டு. தம் இனத்தாரோ ஊராரோ உயர்வெய்தும்போது, சான்றினும் மிகுதியாக நம்ப மனம் விழைகின்றது. பௌஜா சிங் 2025 ஜூலை 14 ஆம் நாள் தம் ஊரருகே வாகனம் மோதி உயிர்நீத்தபோது, ஏடுகள் பலவும் அவரது அகவையை 114 என ஐயமின்றி எழுதின. அன்பினாலேயே எனினும், அறியாததை அறிந்ததாகக் கூறுதல் வாய்மைக்கு இழுக்காகும். அவரைப் பெருமைப்படுத்த அக்கூற்றுத் தேவையுமன்று. மிக முதிர்ந்த மனிதரொருவர் எட்டு மணிநேரத்துக்கு மேலாக ஓய்ந்துவிடாது முன்னேறி எல்லைக்கோட்டைக் கடந்ததைப் பலரும் கண்ணாற் கண்டனர். அது காட்சியளவையால் உறுதிப்பட்டது. அகவையிற் சில ஆண்டுகள் குறைந்தாற் சாதனைப் பட்டியல் மாறும். அன்று அவர் தாங்கிய உழைப்பு மாறாது.

இவ்வழக்கின் முடிவு இனித் தெளிவாகப்போவதில்லை. ஆனால் இதுபோன்ற வழக்குகள் தோன்றுதற்கான காரணம் இன்றும் நீங்கவில்லை. ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 150 மில்லியன் பேரின் பிறப்பு எப்பதிவேட்டிலும் இல்லையென 2024 இல் யுனிசெவ் நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களிற் பெரும்பாலோர் மரதன் ஓடப்போவதில்லை. ஆயினும் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் எல்லைச் சாவடியிலும் ஒருநாள் அகவைக்குச் சான்று கேட்கப்படுவர். சான்றினைக் கேட்கும் உரிமை கொண்ட உலகம், அதனை முன்னரே வழங்கும் கடமையையும் ஏற்றல் வேண்டும். அக்கடமை நிறைவேறாதவரை, பத்திரமில்லாதவரிடம் “உம் கூற்றினை நிறுவ இயலவில்லை” என்று சொல்லலாம். “நீர் பொய்யர்” என்று சொல்லும் உரிமை எவர்க்குமில்லை.